கேட்டதற்கு மட்டும்

அந்த அம்மாவைப் பார்க்க முதன்முதலாகப் போன அன்றே வாசற்படியில் இடறி விழுந்தேன். மூன்று படிகளில் நடுப்படி உடைந்திருந்தது. பார்த்தால் தெரியாது; கால் வைத்தால் செங்கல் புரளும். முழங்கால் சிராய்த்து, கையிலிருந்த சர்டிபிகேட் கவர் சாக்கடை ஓரமாகப் போய் விழுந்தது. அந்த அம்மா ஜன்னலுக்குப் பக்கத்தில் டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, நான் வந்தது, கால் வைத்தது, விழுந்தது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"படி ஒடைஞ்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?" என்றேன்.

"நீங்க கேக்கலியே சார்" என்றார்.

கிண்டல் இல்லை, திமிரும் இல்லை. மணி கேட்டவனுக்கு மணி சொல்கிற மாதிரி சொன்னார். என்ன ஜென்மமடா இது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டு ஆறு வருஷம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். என் அபிப்பிராயம் மாறவில்லை.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர். அதை இங்கே எழுதமாட்டேன். அம்பத்தூரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இறங்கி "ஃபாரம் அம்மா ஊடு எது?" என்று கேட்டால் சைக்கிள் கடைக்காரர் ஸ்பானரை நீட்டியே வழி காட்டுவார். எழும்பூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் பல வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவர். வேலையை விட்ட பிறகும் அந்த ஆபீசிலிருந்து திங்கட்கிழமை தோறும் ஒரு கட்டு நகல்கள் வரும். எந்த நாட்டு விசாவுக்கு என்ன தாள் வேண்டும், எத்தனை போட்டோ, போட்டோவில் காது தெரிய வேண்டுமா, எந்தச் சான்றிதழில் யார் சீல் வைக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மேசை போடுவார். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன், வளைகுடாவுக்குப் போகிற நர்சு, ஆப்பிரிக்காவில் வாத்தியார் வேலை கிடைத்தவர் என்று பெஞ்சு நிறைந்திருக்கும். அவருக்குத் தெரியாத விதி கிடையாது. கேட்டால் சொல்வார். கேட்டால்தான் சொல்வார்.

ஃபாரத்தை நிரப்பும்போது கேள்விக்குக் கீழே சுட்டுவிரலை வைத்துக்கொள்வார். "இதுல இன்னா கேட்டுக்கிறான்?" என்பார். அந்த விரல் நகராது. நாம் கொஞ்சம் அப்படி இப்படிப் போனால் அதே விரலால் மேசையைத் தட்டுவார்.

மண்ணூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு ஃபிட்டர் ஞாபகத்தில் இருக்கிறான். எதற்காக அந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி.

"தங்கச்சிக்குக் கல்யாணம் ஆவணும்மா. அப்பா குடிச்சுகினே கெடக்கறாரு. ஊடு வேற ஒழுவுது. மாமா சொன்னாரு, நீ போனாதாண்டா..."

"நிறுத்து நைனா. எதுக்குப் போறன்னு கேட்டுக்கிறான். உங்க ஊடு ஒழுவுதான்னு கேட்டானா?"

"இல்லம்மா."

"அப்ப எதுக்குப் போற?"

"வேலைக்கு."

"அவ்ளோதான்" என்று ஒரே ஒரு சொல்லைத் தட்டினார். அவனுடைய தங்கச்சி, அப்பா, ஒழுகுகிற கூரை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் காணாமல் போயின. பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அவன் கேட்ட நாட்டுக்கே வேலைக்குப் போனான். அந்த அம்மா நிரப்பிய ஃபாரம் திரும்பி வந்தது என்று நான் கேள்விப்பட்டதில்லை.

நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு ஒத்திகை வைப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, தூதரக ஆபீசராக மாறிவிடுவார். ஒரு கேள்வி கேட்பார். நாம் பதில் சொன்ன பிறகு ஒன்றும் பேசமாட்டார். நம் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான் பரீட்சை. அந்தப் பார்வையைத் தாங்குவது இருக்கிறதே, சாமானியமில்லை. நிறையப் பேருக்கு முடியவில்லை. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றதற்கு "இல்லை" என்று ஒழுங்காகச் சொன்ன ஒரு நர்சு, பத்து எண்ணுவதற்குள் நெளிந்து, "ஆனா பேசி வெச்சிருக்காங்க" என்றாள். மேசையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது.

"யாரு கேட்டா?"

அந்தப் பெண் அழுதே விட்டாள். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எனக்கு அந்தப் பரீட்சை கஷ்டமாகவே இல்லை. பதிலைச் சொல்லிவிட்டு அவர் மூக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் தடவையிலேயே "நீங்க தேறிட்டீங்க சார்" என்றார். அந்தக் காலத்தில் அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

தேறவே தேறாதவன் ஏழுமலை. ஆவடியைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் நான் கணக்கு நடத்தினேன், அவன் இயற்பியல் நடத்தினான். வேப்பம்பட்டுக்காரன். அவன் அப்பா பாதி வயசு வரைக்கும் அடுத்தவர் வயலில் குனிந்து நின்றவர். அப்புறம் ஒரு தொழிற்சாலை வாசலில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அவர்கள் தெருவில் எம்.எஸ்ஸி. என்ற எழுத்துகளை முதலில் வாங்கியவன் ஏழுமலைதான். அறிவாளி. என்னைவிடக் கெட்டிக்காரன் என்று பிரின்சிபாலே என் முன்னால் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் அவன் வகுப்பு முடிந்த பிறகும் அவனைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். ஆனால் வாய்! ஆவடியில் ரயில் ஏறினால் வேப்பம்பட்டு வருவதற்குள் எதிர் சீட்டுக்காரருக்கு அவன் குடும்பமே தெரிந்துவிடும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பித்தோம். நான்தான் அவனை அந்த அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். படியைப் பற்றி முன்னாலேயே சொல்லிக் கூட்டிப்போனேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"எந்த ஊரு?" என்று கேட்டார் ஆபீசர்.

"வேப்பம்பட்டு."

மௌனம். ஏழுமலை ஒரு தடவை என்னைப் பார்த்தான். ஒரு தடவை கூரையைப் பார்த்தான்.

"ஸ்டேஷன்லேந்து அரை மணி நேரம் நடக்கணும் மேடம். மழைன்னா ஒரே சேறு. நீங்க ஒரு நாள் வாங்க, எங்கம்மா வெரால் மீன் கொழம்பு வெப்பாங்க பாருங்க..."

பட்டென்று அடி. "யாரு சார் கேட்டா?"

ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தான். "நீங்க சும்மா மூஞ்சியப் பாத்துகினே உக்காந்துகிறீங்க. பாக்கப் பாவமா கீது. அதான் நானே எதுனா பேசலாம்னு" என்றான்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவனுக்கு மட்டும் ஒத்திகையை மூன்று தடவை வைத்தார். மூன்று தடவையும் தோற்றான்.

அவர் வீட்டுக்காரரையும் சொல்ல வேண்டும். அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை. சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார், எங்களைத் தாண்டி உள்ளே போவார். ஒருநாள் வெளியே நல்ல மழை. உள்ளே டைப் சத்தத்திலும் பேச்சிலும் எங்களுக்குத் தெரியவில்லை. மனுஷன் தொப்பலாக நனைந்து வந்தார். பக்கவாட்டுச் சந்தில் கொடி நிறையத் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறார். ஒன்றும் சொல்லாமல் தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாதான் திரும்பிப் பார்த்தார்.

"மழையா?"

"மழதான்."

"கொடியில துணி கெடந்துதே?"

"கெடக்குது."

அந்த அம்மா எழுந்து ஓடினார். நனைந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்து போட்டுவிட்டு ஃபாரத்தின் மேல் விரலை வைத்தார். எங்களுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதன் கதையை ஏழுமலை விசாரித்துக்கொண்டு வந்தான். பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்த இடத்திலேயே முழுக் கதையையும் வாங்கிவிட்டான். பல வருஷத்துக்கு முன்னால் ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் ரயில் வேலைக்கு ஆள் எடுத்தார்களாம். வீட்டுக்காரருக்கு எல்லாம் சரியாக வந்தது. மருத்துவ ஃபாரத்தில் இப்போது ஏதாவது நோய் இருக்கிறதா என்று ஒரு கேள்வி. இல்லை என்று டைப் அடித்த இந்த அம்மா, மனசாட்சி கேட்காமல் பக்கத்திலேயே இன்னொரு வரி சேர்த்துவிட்டார்: பதினாறு வயதில் டி.பி. வந்து பூரண குணம் அடைந்தது. யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு வரிக்காக அவரை வேண்டாமென்று விட்டார்கள். வீட்டுக்காரர் கத்தவில்லை, அடிக்கவில்லை. அன்றிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

"பாவம்டா மச்சான் அந்தம்மா" என்றான் ஏழுமலை.

"பாவமாவது மண்ணாவது. ஒரே வீட்டுல ரெண்டு கல்லு" என்றேன் நான்.

தொண்ணூற்று நான்கு ஆகஸ்டில் எங்கள் இரண்டு பேருக்கும் நியமனக் கடிதம் வந்தது. அக்டோபர் கடைசியில் போய்ச் சேர வேண்டும். நாட்டின் பெயர் எதற்கு? கடல் தாண்டி, மணல் தாண்டி ஒரு நாடு. செப்டம்பர் நடுவில் கல்லூரியில் இரண்டு பேரும் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தோம். எங்கள் இடத்துக்கு ஆள் எடுத்தும் விட்டார்கள். ஏழுமலையின் அப்பா தொழிற்சாலை வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துவிட்டு வேலையை விட்டுவிட்டார். "புள்ள வெளிநாட்டு யுனிவர்சிட்டில வாத்தியாரு. நான் இன்னும் கேட்டத் தொறந்து மூடிகினு நிக்கறதா?" என்றாராம்.

செப்டம்பர் கடைசியில் சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்தது. பத்து நாளில் ஊர் ஊராகப் பயம் பரவிவிட்டது. அம்பத்தூரில் மருந்துக்கடைகளில் டெட்ராசைக்ளின் மாத்திரை கிடைக்கவில்லை. வடக்கேயிருந்து ரயில் வந்தால் ஜனங்கள் கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒரு எலி செத்துக்கிடந்தால் தெருவே கூடியது. வெளிநாடுகள் இந்தியாவுக்கு விமானத்தை நிறுத்தின. எங்கள் நாடும் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விசா இல்லை என்று அறிவித்துவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை ஏழுமலைக்கு மத்தியானத்துக்கு மேல் வகுப்பு இல்லை. நாலு மணிக்கே அந்த அம்மாவிடம் போய்விட்டான்.

"விசா குடுக்கறாங்களா மேடம்?"

"இல்ல சார். நிறுத்திட்டாங்க."

"எப்ப தொறப்பாங்க?"

"தெரியாது."

வெகுநேரம் நின்றிருக்கிறான். அப்பா வேலையை விட்டது, கல்லூரியில் இடம் போனது, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். சொல்வதற்கு அவனுக்குச் சொல்லியா தர வேண்டும்! அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அவன் கும்பிட்டுவிட்டு ரயிலுக்குப் போய்விட்டான்.

நான் கடைசி வகுப்பை முடித்துவிட்டு ஆறு மணிக்குப் போனேன். அதே இரண்டு கேள்வி, அதே இரண்டு பதில். ஆனால் நான் ஆறு வருஷம் பழகியவன். அந்த அம்மாவிடம் ஒரு கேள்வி திறக்கவில்லை என்றால், கொத்துச்சாவியில் அடுத்த சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

"எல்லாருக்குமே நிறுத்திட்டாங்களா? யாருக்காவது விதிவிலக்கு இருக்காம்மா?"

"இருக்கு."

"யாருக்கு?"

"டாக்டருங்களுக்கு. யுனிவர்சிட்டி வாத்தியாருங்களுக்கு."

காலையில்தான் வந்த நகலாம். மேசையிலேயே, டைப்ரைட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். மார்பு எக்ஸ்ரே, அரசு டாக்டர் சீல் வைத்த உடல்நலச் சான்று, கையில் இருக்கிற நியமனக் கடிதத்தின் நகல். எல்லாம் வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் எழும்பூர் ஆபீசுக்கு வந்தாக வேண்டும். அதற்குப் பிறகு வருவதை வாங்கமாட்டார்கள்.

"ஏழுமலை வந்தானே, அவன்கிட்ட சொன்னீங்களா?"

"அவரு கேக்கல."

அவன் அந்த மேசைக்கு இந்தப் பக்கம்தானே நின்றான்! அந்தத் தாள் அவனுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கிறது. அவன் எந்த வேலைக்குப் போகிறான் என்று அவருடைய கையாலேயே டைப் அடித்திருக்கிறார். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. இந்த மாதிரி ஒரு மனுஷி உண்டா என்று கேளுங்கள். நான் அன்றைக்கு அந்த அம்மாவை வயிறெரிந்து திட்டினேன், மனதுக்குள்.

என் பைல் வியாழக்கிழமை நாலு மணிக்கு எழும்பூர் போய்ச் சேர்ந்தது. ஏழுமலையின் பைல் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து எனக்கு விசா வந்தது. எல்லாருக்கும் கதவு திறந்தபோது, இயற்பியலுக்கு வேறு நாட்டுக்காரர் ஒருவரை எடுத்தாகிவிட்டது என்று அவனுக்குக் கடிதம் வந்தது. கல்லூரியில் அவன் நாற்காலியில் வேறு ஆள். அவன் அப்பா தொழிற்சாலை வாசலுக்குத் திரும்பிப் போய் நின்றார். கேட்டைத் திறந்தவன் புது வாட்ச்மேன். அவன் அவரை யாரென்று கேட்டானாம்.

நான் நாலு வருஷம் அந்த நாட்டில் இருந்தேன். பார்க்கிற தமிழர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் அந்த அம்மாவைக் கரித்துக் கொட்டினார்கள். "பேய்" என்றார் ஒருவர். "கல்நெஞ்சக்காரி, விளங்குவாளா" என்றார் ஒரு டாக்டர் வீட்டு அம்மா. நான் மறுக்கவில்லை. இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்கிற அளவுக்கு அது பிரசித்தமாகிவிட்டது.

தொண்ணூற்றெட்டில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தேன். வந்த வாரமே அம்பத்தூருக்குப் போனேன். நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். நடுப்படி அப்படியேதான் இருந்தது. தாண்டிக் கால் வைத்தேன்.

பெஞ்சில் யாரும் இல்லை. டைப்ரைட்டருக்கு உறை போட்டிருந்தது. ஃபாரம் நிரப்பக் கம்ப்யூட்டர் வைத்த கடைகள் வந்துவிட்டன. அந்த அம்மா இளைத்திருந்தார். சுவரில் வீட்டுக்காரர் படமாக இருந்தார், மேலே ஒரு சின்ன சிவப்பு பல்பு.

"எப்ப?" என்றேன்.

"போன தை."

"என்ன ஆச்சு?"

"நெஞ்சு."

கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. நான் பேசாமல் இருந்தேன். அந்த அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மத்தியானம் சாப்டுட்டு வந்து பக்கத்துல படுத்தாரு. வேர்த்து ஊத்திகினு இருந்துதாம் போல. நோவுதுன்னு ஒரு வார்த்த சொல்லல. நானும் இன்னான்னு கேக்கல. திரும்பிப் படுத்துகினு இருந்தேன்."

அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் நாலு வருஷத்துக் கோபம். திட்டுவதற்கென்றே ரயில் ஏறி வந்தவன் நான்.

"ஏழுமலைய ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இருக்கு."

"அந்தத் தாள் மேசையில இருந்துதே. ஏன் அவன்கிட்ட சொல்லல? அவன் வாழ்க்கையே போச்சு. அவங்கப்பா தெருவுல நின்னாரு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னா உங்க வாயில இருக்கற முத்தா கொட்டிடும்?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"எங்கிட்ட அவரு கேக்கல சார். உங்ககிட்ட கேட்டாரா?"

கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதுவரை நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. வேண்டுமானால் திரும்பப் படித்துப் பாருங்கள். திங்கட்கிழமை சாயங்காலம் எனக்குத் தெரியும். வியாழக்கிழமை சாயங்காலம் வரை நேரம் இருந்தது. ஏழுமலையும் நானும் ஒரே கல்லூரி, ஒரே ஸ்டாஃப் ரூம். அந்த மூன்று நாளும் நீ என்னடா செய்தாய் என்று நீங்கள் என்னைக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் "ஆஸ்பத்திரிக்குப் போகணும், என் வகுப்பைப் பாத்துக்கிறியா?" என்று அவனிடம் கேட்டேன். எங்கம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அவனாகவே அம்மாவுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டான். "போ மச்சான், போ. ரெண்டு பீரியடும் நான் பாத்துக்கறேன்" என்றான். அரசு ஆஸ்பத்திரியில் மூக்கைக் கட்டிக்கொண்ட ஜனத்தோடு வரிசையில் நின்று நான் எக்ஸ்ரே எடுத்தபோது, என் பிள்ளைகளுக்கு அவன் கணக்கு போட்டுக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"அம்மாவுக்கு எப்டி கீது?"

"நல்லாத்தான் இருக்காங்க."

"விசா நிறுத்திட்டாங்களாமே மச்சான். நீ போய்க் கேட்டியா?"

"கேட்டேன். நிறுத்திட்டாங்கதான்."

அவன் பேசவில்லை. ஏழுமலை பேசாமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் சட்டைப் பையில் டாக்டர் சீல் வைத்த தாள் இருந்தது. மூச்சு விட்டால் அது சரசரக்கும். நான் அவன் மூக்கைப் பார்த்தேன். பத்து எண்ணியிருப்பேன், இருபது எண்ணியிருப்பேன். நான் தேறினேன்.

அவன்தான் தோற்றான். "சரி வுடு மச்சான். நம்ப ரெண்டு பேருக்கும் சேந்துதானே போச்சு. அதுவே எனக்கு ஒரு ஆறுதல்" என்றான்.

ஏன் சொல்லவில்லை என்று முப்பது வருஷமாகக் காரணம் தேடிப் பார்க்கிறேன். அவன் போனால் என் இடம் போகாது. அது இயற்பியல், இது கணக்கு. டாக்டர் இன்னொரு சான்று தரமாட்டார் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். அதுவும் சும்மா. உள்ளதைச் சொன்னால், அவன் எப்போதும் என்னைவிட ஒரு படி மேலே. ஒரே ஒரு தடவை அவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. அது ருசியாக இருந்தது. சே, இதை எழுதும்போது கை கூசுகிறது. வியாழக்கிழமை காலைகூடச் சொல்லியிருக்கலாம். ஓடினால் நடந்திருக்கும்.

அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். நானும் அவர் மூக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ரயில் வந்து நின்று போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் மேசையைத் தட்டவும் இல்லை. கடைசியில் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் எழுந்தேன். வாசலுக்கு வந்துவிட்டேன்.

"சார்."

திரும்பினேன்.

"நடுப்படி ஒடைஞ்சிருக்கு. பாத்து எறங்குங்க."

பத்து வருஷப் பழக்கத்தில் என் நல்லதுக்கென்று நான் கேட்காமல் அவர் சொன்னது அது ஒன்றுதான். தெரிந்த படிதான். இருந்தும் அன்றைக்கு என்னால் நேராக இறங்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

அதற்கப்புறம் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தார் என்று ஏழுமலை சொன்னான். அடக்கத்துக்கு அவன் போயிருக்கிறான். நான் போகவில்லை.

ஏழுமலை வேப்பம்பட்டில் டியூஷன் நடத்துகிறான். வீட்டு வாசலில் தகரம் போட்டு இரண்டு பெஞ்சு. அவனிடம் படித்தவர்கள் எங்கெங்கேயோ இருக்கிறார்கள். நான் போனால் இன்றைக்கும் "மச்சான்" என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வான். பேச்சு எப்படிப் போனாலும் ஒரு தடவை அந்த வாரத்துக்கு வந்துவிடும். நான் பேசாமல் இருப்பேன். என் மௌனம் அவனுக்குத் தாங்காது. அவனே என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பிப்பான்.

"உனக்கும் கடைசி நேரத்துலதானே தெரிஞ்சிருக்கும் மச்சான். உன் பைல கொண்டுபோய்ச் சேக்கறதுக்கே ஓடியிருப்ப. என்னத் தேடி வர நேரம் ஏது? பாவம், நான் கேட்டிருந்தா அந்தம்மாவும் சொல்லியிருக்கும். தப்பு என்மேலதான். நான்தான் சரியாக் கேக்கல."

நான் டீயைக் குடித்துக்கொண்டிருப்பேன். எனக்கு எந்த நாள் தெரிந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். இந்த முப்பது வருஷத்தில் அவன் கேட்கவில்லை.